இரண்டு மதிப்பெண் கடன்

நம் சங்க ஆண்டு விழாவில் குழந்தைகளுக்கான வினாடி வினா நடத்தும் பொறுப்பு சில வருடங்களாக என் தலையில்தான் விழுகிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன், கூப்பிட்டால் வருவான், சாப்பாட்டுக் கூப்பன் மட்டும் கொடுத்தால் போதும் என்று செயலாளருக்குத் தெரியும். நானும் ஆசையோடுதான் செய்து வருகிறேன். ஆனால் சென்ற முறை அந்த மேடையில் நான் ஒரு தவறு செய்துவிட்டேன். அதை இந்தப் பத்திரிகை மூலமாகவே ஒப்புக்கொள்வதுதான் முறை என்று எழுதுகிறேன்.

இயற்கை பற்றிய சுற்று. "தவளை எங்கே முட்டையிடும்?" என்பது கேள்வி. மும்பையில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்குத் தவளை என்ற சொல்லே சட்டென்று பிடிபடவில்லை. ஒரு பெண் குழந்தை, "மேண்டக்கா மாமா?" என்று கேட்டது. "ஆமாம், அதேதான்" என்றேன். அடுத்த அணியிலிருந்த ஒரு பையன், பத்து வயது இருக்கலாம், எழுந்து நின்று சொன்னான்: "சில தவளை தண்ணியில போடும். சில தவளை மூங்கிலுக்குள்ள போடும். எங்க தாத்தா ஊர் மலையில அப்படித்தான்."

அரங்கம் சிரித்தது. நானும் சும்மா இருக்கவில்லை. மைக் கையில் இருந்தால் நாக்கு நீளும் அல்லவா? "தம்பி, மூங்கிலுக்குள் புல்லாங்குழல்தான் இருக்கும்" என்று ஒரு நகைச்சுவையை எடுத்துவிட்டு, பூஜ்யம் போட்டேன். குளம், குட்டை என்று சொன்ன அணிக்கு இரண்டு மதிப்பெண். அந்தப் பையனின் அணி கடைசியில் இரண்டே மதிப்பெண்ணில் கோப்பையை இழந்தது. அவன் அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

இது நடந்து சில மாதம் கழித்து, ஆனி மாதம், தங்கை மகன் கல்யாணத்துக்காக அம்பாசமுத்திரம் போக வேண்டி வந்தது. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஊருக்குப் போகிறவர் என்று காதில் விழுந்தால் நாலு வீட்டுப் பார்சல் வந்து சேரும். அந்தப் பையனின் அம்மாவும் வந்தார். "அண்ணே, அப்பாவுக்கு இந்த மருந்தும் ஸ்வெட்டரும் கொடுத்துருங்க. ஊர்லதான் இருக்காங்க" என்றார். விழாவில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத்தான் உள்ளே குறுகுறுத்தது.

ஒன்று சொல்ல வேண்டும். பிழைப்புக்கென்று இங்கே வந்த நாளிலிருந்து நான் ஊருக்குப் போனதெல்லாம் மே மாதத்தில்தான். பள்ளிக்கூட லீவு, நாகர்கோவில் எக்ஸ்பிரஸ், வேனல், வற்றிய வாய்க்கால், மாம்பழம், திரும்பவும் ரயில். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த ஊர். ஜூன் மாதத்து ஊரை நான் மறந்தே போயிருந்தேன். மேற்கே மலை முழுவதும் மேகம் மூடிக்கிடக்க, சாரல் தெருவரைக்கும் வந்து முகத்தில் அடித்தது. ஆற்றில் தண்ணீர் நிறம் மாறி ஓடியது.

பையனின் தாத்தா வீட்டைக் கண்டுபிடித்துப் பார்சலைக் கொடுத்தேன். மாஞ்சோலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவர். 2024ல் தோட்ட வேலை நின்று, பல குடும்பங்கள் மலையிறங்கியபோது இவரும் மகனோடு கீழே வந்துவிட்டார். திண்ணையில் உட்கார்ந்து மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பி வந்தது. தயங்கித் தயங்கித் தவளை விஷயத்தை எடுத்தேன்.

"அதுவா அண்ணாச்சி?" என்று சிரித்தார். "பேரெல்லாம் எனக்குத் தெரியாது. பந்தல் போடுறதுக்கு, கூடை முடையிறதுக்குன்னு அந்தக் காலத்துல மெல்லிசு மூங்கி வெட்டுவோம். ஒரு நாள் பொளந்தா, உள்ள பச்சையா ஒண்ணு உக்காந்திருக்கு. இந்தா, இந்தப் பெருவிரல் நுனி அளவுதான். பக்கத்துல சவ்வரிசி மாதிரி முட்டை ஒட்டிக்கிட்டு இருக்கு. ஒரு முட்டைக்குள்ள பார்த்தா காலு கையோட குட்டித் தவளையே தெரியுது. எனக்கு மனசு கேக்கல. பொளந்ததைச் சேர்த்து நார் வச்சுக் கட்டி, அங்கனயே சாத்தி வச்சுட்டு வந்துட்டேன். பேரன் லீவுக்கு வந்தப்ப சொன்னேன். அங்க வந்து சொல்லிட்டானா?"

சொன்னான். நான்தான் சிரித்தேன் என்று ஒப்புக்கொண்டேன். "சின்னப் பயதானே, விடுங்க" என்றார் பெரியவர். என்னால் விட முடியவில்லை. மும்பை திரும்பியதும் புத்தகங்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் தேடிப் படித்தேன், தெரிந்தவர்களைக் கேட்டேன். பையன் சொன்னது அத்தனையும் உண்மை! இன்னும் சொல்லப்போனால், அவன் சொன்னது உண்மையில் பாதிதான்.

அந்தத் தவளைக்கு அறிவியல் வைத்த பெயர் ராவோர்கெஸ்டெஸ் கலசோடெஸ். 1870களில் அந்த மலைகளில் பிடிபட்டு, லண்டனுக்குப் போய், ஆல்பர்ட் குந்தர் என்ற அறிஞரால் பெயரிடப்பட்டது. அதற்குப் பிறகு நூறாண்டுக்கும் மேலாக அறிவியல் உலகத்தின் கண்ணில் படவே இல்லை. காணாமல் போன தவளைகளைத் தேடும் ஒரு முயற்சியைத் தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.டி. பிஜு 2010ல் தொடங்கினார். மறுவருடம் வெளியிட்ட பட்டியலில், மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டவற்றில் இதுவும் ஒன்று. 136 ஆண்டுகள் கழித்து என்று செய்தி வந்தது. பளிச்சென்ற பச்சை உடம்பு, சாம்பல் நீலத் தொடை, கரிய கண்மணியில் பொன்னிறத் திட்டு. நீளம் ஓர் அங்குலம்.

அறிவியல் தேடிக்கொண்டிருந்த காலமெல்லாம், மூங்கில் பிளந்த கைகளுக்கு அது தெரிந்தே இருந்திருக்கிறது. யாரும் அவர்களைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்!

அது முட்டையிடும் விதத்தை விரிவாக ஆராய்ந்தவர் கே.எஸ். சேஷாத்ரி. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்து ஆய்வாளராக இருந்தபோது களக்காடு முண்டந்துறைக் காட்டில் மழையிலும் அட்டைக்கடியிலும் வேலை செய்து, 2014 முதல் கட்டுரைகள் வெளியிட்டார். அவர் கண்டது இது. மலையின் மேல் பகுதியில், எப்போதும் ஈரம் காயாத காட்டில், நாணல் போன்ற மெல்லிய மூங்கில் புதராக வளர்கிறது. அதில் சில கணுக்களின் பக்கத்தில் சிறு பிளவு விழுந்திருக்கும். சில மில்லிமீட்டர் அகலம்தான். தவளைக்கு மூங்கிலைத் துளைக்கும் பல்லும் இல்லை, நகமும் இல்லை. ஏற்கனவே இருக்கும் பிளவைத் தேடிக் கண்டுபிடித்து, உடம்பைச் சுருக்கி உள்ளே நுழைகிறது ஆண் தவளை. உள்ளிருந்தபடியே பெண்ணை அழைக்கிறது. பெண் வந்து, மூங்கிலின் உட்சுவரில் விரல் விட்டு எண்ணக்கூடிய சில முட்டைகளை ஒட்டிவிட்டுப் போய்விடுகிறது. அதன்பின் முட்டைக்குக் காவல் யார்? தகப்பன்தான்!

அந்த முட்டையிலிருந்து தலைப்பிரட்டை வருவதில்லை. வாலை ஆட்டிக்கொண்டு தண்ணீரில் நீந்தும் பருவமே கிடையாது. எல்லா மாற்றமும் முட்டைக்குள்ளேயே நடந்து முடிந்து, குட்டித் தவளையாகவே வெளியே வருகிறது. பெரியவர் முட்டைக்குள் காலும் கையும் பார்த்தார் அல்லவா, அதுதான் இது.

தகப்பன் காவல் இருப்பது எதற்காக? 2018ல் வெளியான ஆய்வில் அதற்கு விடை கிடைத்தது. சில மூங்கில்களிலிருந்து தகப்பன் தவளையை அகற்றிவிட்டுப் பார்த்தார்கள். முட்டைகள் பெரும்பாலும் பிழைக்கவில்லை. வந்து தின்றது பாம்போ பூச்சியோ என்றுதானே நினைப்போம்? முக்கியமாக, அதே இனத்தின் வேறு ஆண் தவளைகளே தின்றிருக்கின்றன. மூங்கிலும் கிடைக்கும், வயிறும் நிறையும். ஆகவே தகப்பன் வாசலில் இருந்தால்தான் பிள்ளைகள் பிழைக்கும். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, வருடக்கணக்கில் இங்கே ஓர் அறையில் எட்டுப் பேரோடு படுத்துக் கிடந்த நம்மில் பலர் இதைப் படித்தால் ஒரு நிமிடம் பேசாமல் இருப்பார்கள். நான் இருந்தேன்.

பள்ளிப் பாடத்தில் தவளை என்றால் குளம், முட்டை, தலைப்பிரட்டை, தவளை என்று வட்டமாக ஒரு படம் போட்டிருக்கும். அந்தப் படம் பொய்யில்லை. ஆனால் அது வயல்காட்டுத் தவளையின் கதை. மழைக்காட்டு மரத்தவளையின் கதை வேறு. குளத்து முட்டைக்கு மீன் எதிரி, நீர்ப்பூச்சி எதிரி, குட்டை வற்றினால் அதுவும் எதிரி. அதனால் மரத்தவளைகள் முட்டையைத் தண்ணீரிலிருந்து மேலே கொண்டுபோய்விட்டன. மலபார் பறக்கும் தவளை என்று ஒன்று. பச்சை உடம்பு, விரல்களுக்கு நடுவே செம்மஞ்சள் சவ்வு. அதை விரித்துக்கொண்டு மரத்திலிருந்து மரத்துக்குப் பத்து மீட்டர் வரைகூட மிதந்து இறங்கும். அது தண்ணீருக்கு மேலே தொங்கும் இலையில் நுரையை அடித்துக் கூடு கட்டி அதற்குள் முட்டையிடுகிறது. தலைப்பிரட்டைகள் நுரையிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கீழே தண்ணீரில் விழும். இதற்கு ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி இன்னொரு பறக்கும் தவளை நம் ஆனைமலையில் இருப்பது 2000ம் ஆண்டில்தான் தனி இனம் என்று அறிவிக்கப்பட்டது. மூங்கில் தவளையின் கூட்டமோ இன்னும் ஒரு படி மேலே போய், தண்ணீரே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஆனால் ஈரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. காற்றில் ஈரம் குறைந்தால் முட்டை காய்ந்து போகும். தவளையின் தோலும் அப்படித்தான்.

அந்தக் கூட்டத்துக்கு ராவோர்கெஸ்டெஸ் என்று பெயர் வந்த காரணமும் நாம் அறிய வேண்டியது. முதல் இரண்டு எழுத்தில் இருக்கும் 'ராவ்', சி.ஆர். நாராயண ராவ். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் படித்து, பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் விலங்கியல் துறையை நடத்தியவர். தென்னாட்டுத் தவளைகளைப் பற்றி 1937ல் கட்டுரை எழுதியவர். அவர் நினைவாகத்தான் 2010ல் இந்தப் பெயர் வைத்தார்கள். இந்தக் கூட்டத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. அதில் ஒன்றின் பெயர் ராவோர்கெஸ்டெஸ் பாம்பேயென்சிஸ். ஆம், நம் பம்பாய்தான்! பழைய பம்பாய் மாகாணத்தில் கிடைத்ததால் 1919ல் அப்படிப் பெயரிட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. கொங்கணத்துக்கு மேலே சஹ்யாத்ரி என்று நாம் இங்கே சொல்லும் மலையும், பொதிகை என்று ஊரில் சொல்லும் மலையும் ஒரே தொடர். தபதி ஆற்றுப் பக்கம் தொடங்கிக் கன்னியாகுமரி வரை 1,600 கிலோமீட்டர். அதன் ஒரு நுனியில் பிறந்து மறு நுனியில் பிழைக்கிறோம். இரண்டு இடத்திலும் ஒரே குடும்பத்துத் தவளைகள் நமக்கு முன்பே குடியிருக்கின்றன.

சரி, இப்போது ஒரு கேள்வி வரும். சங்கத்து நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டும் விட்டார். "எல்லாம் சரி சார், ஓர் அங்குலத் தவளையால் யாருக்கு என்ன பிரயோஜனம்?"

பிரயோஜனம் பேச வேண்டுமானால் பேசலாம். தவளை பூச்சி தின்னும். வயல்களில் தவளையைப் பிடித்துக் காலை வெட்டி வெளிநாட்டுக்கு அனுப்பிய வியாபாரத்தை 1987ல் இந்திய அரசு தடை செய்தது நினைவிருக்கலாம். தவளை குறைந்தால் பூச்சி பெருகும் என்பது அப்போது எடுத்துச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஆனால் மூங்கில் தவளைக்கு நான் அந்த வக்காலத்து வாங்கப் போவதில்லை. நான் சொல்வது வேறு.

தாமிரபரணித் தண்ணீர் குடித்தவன் என்று நாம் மார்தட்டுகிறோம். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? வருடத்தில் இரண்டு பருவ மழையையும் வாங்கி வைத்துக்கொண்டு, கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற அந்த ஈரக் காட்டிலிருந்துதான். 1988ல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது அதே களக்காடு முண்டந்துறை. காட்டின் ஈரம் குறைகிறதா என்பதைப் புலி சீக்கிரம் காட்டிக் கொடுக்காது. அது நடந்து வேறிடம் போகும். தவளையால் போக முடியாது. காய்கிற காட்டில் முதலில் அடங்குவது அதன் குரல்தான். உலகம் முழுவதும் நீர்நில வாழ்வனவற்றில் ஐந்தில் இரண்டு பங்கு இனங்கள் அழியும் ஆபத்தில் இருப்பதாக 2023ல் வந்த கணக்கு சொல்கிறது. ஊர் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று நாம் தொலைபேசியில் கவலைப்படும்போது, அந்தக் கவலையின் மறுமுனையில் ஒரு தவளையும் இருக்கிறது.

இதற்காகக் காட்டில் யாரும் கைவைக்கவே கூடாது என்று பேசுபவனில்லை நான். காப்பகத்துக்குள் வெட்ட இன்று அனுமதி இல்லை. ஆனால் மலைக்கு மேற்கே, கேரளத்தில், இதே வகை மூங்கிலைக் கூடைக்கும் பாய்க்கும் காகிதத்துக்கும் நெடுங்காலமாக வெட்டி வந்திருக்கிறார்கள். கூடை முடைபவர் வயிற்றில் அடித்துத் தவளையைக் காப்பாற்றச் சொன்னால் அது நியாயமாகாது. முட்டை இருக்கும் மழைக்காலத்தில் வெட்டாமல் விடலாம், பிளவு விழுந்த மூங்கிலைத் தொடாமல் விடலாம். பிளந்த மூங்கிலை நார் வைத்துக் கட்டிய அந்தப் பெரியவருக்கு இதைச் சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நமக்கும் இதில் பங்கு உண்டு. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு இங்கிருந்தே குடும்பத்தோடு போகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். கோயில் இருப்பது அதே காட்டுக்குள், ஆற்றங்கரையில். நேர்ச்சையை முடித்துக்கொண்டு வரும்போது பிளாஸ்டிக்கையும் பழந்துணியையும் ஆற்றில் விட்டு வருவது எந்த சாமிக்கும் நேர்ந்துகொண்டதாக இருக்க முடியாது.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது வேறொன்று. மலையை அறிந்தவர்கள் கீழே இறங்கிவிட்டார்கள். அவர்கள் அறிந்தது அவர்களோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. நம் வீடுகளிலும் அப்படித்தான். ஊரிலிருந்து வந்து மூன்றாவது மாடியில், டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் தாத்தாவும் ஆச்சியும் எத்தனை தவளை, எத்தனை மீன், எத்தனை மரம் அறிந்தவர்கள்! தவளை வேறு, தேரை வேறு, தன் வாயாலேயே கெட்டதாகப் பழமொழி சொல்லும் நுணல் வேறு என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள். நாம் கேட்பதில்லை. பேரப்பிள்ளை கேட்டு வந்து மேடையில் சொன்னால் சிரிக்கிறோம். 'கிணற்றுத் தவளை' என்று யாரைச் சொல்வார்களோ, அன்று மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவன்தான் அது.

ஆகவே சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, பிக்னிக் என்றால் வாட்டர் பார்க் என்ற வழக்கத்தை ஒரு முறையாவது மாற்றுவோம். மழை பிடித்தபின் பிள்ளைகளை அம்போலிக்கு அழைத்துப் போவோம். சிந்துதுர்க் மாவட்டத்து மலையூர் அது. பறக்கும் தவளையின் நுரைக்கூட்டை அங்கே பார்க்கலாம். தொட வேண்டாம், பிடிக்க வேண்டாம், டார்ச்சைக் கண்ணில் அடிக்க வேண்டாம். இருட்டில் சும்மா நின்று கேட்டாலே போதும். இரண்டு, அடுத்த வினாடி வினாவில் ஒவ்வொரு அணியிலும் ஒரு தாத்தாவோ ஆச்சியோ உட்காரட்டும். விடைத்தாளில் இல்லாத பதில் வந்தால் பூஜ்யம் போடாமல், "எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்போம்.

கடைசியாக, என் கடன். வருகிற ஆண்டு விழாவில் அந்தப் பையனை மேடைக்கு அழைத்து, நடந்ததைச் சொல்லி, அவனுக்குச் சேர வேண்டிய இரண்டு மதிப்பெண்ணைக் கொடுக்கப் போகிறேன். கோப்பையை என்ன செய்வது என்று செயற்குழு முடிவு செய்யட்டும். அன்று சிரித்தவர்கள் எல்லோரும் தவறாமல் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.